பார்க்காமல் விட்ட சீட்டு

நேசையாவோடு சீட்டாடி ஜெசி ஒருநாளும் ஜெயித்ததில்லை. தோற்பதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. எப்படித் தோற்கிறோம் என்று புரியாததுதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு காது மருத்துவமனையில் அவளுக்கு வேலை. யாருக்கு எந்த அளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். கணவன் கிங்ஸ்டன் சரக்குக் கப்பலில் போயிருந்தான். அவள் மாடியில் வாடகைக்கு இருந்தாள். கீழே வீட்டுக்காரர்கள், நேசையாவும் அவர் மனைவி ஹெப்சிபாவும். நேசையாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. உள்ளூரிலேயே பார்வையற்றோர் பள்ளியில் படித்து, கல்லூரியும் முடித்து, இப்போது ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சிபா பள்ளிக்கூட ஆசிரியை.

அந்த வீட்டுக்குள் சீட்டுக்கட்டு வந்தது குருபிரசாத்தால். ஆழ்வார்திருநகரிக்காரன், கங்கைகொண்டானில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்கு வந்தவன், கடன் கிடைத்த பிறகும் நேசையாவிடம் பேசுவதற்காகவே வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் போக்கர் பைத்தியம். காசு வைத்து ஆடும் ஆட்டங்களை அரசு கைபேசியில் தடுத்துவிட்ட பிறகு, எங்கேயோ சொல்லிவைத்து ஒரு சீட்டுக்கட்டு வரவழைத்தான். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பிரெய்ல் புள்ளிகள் எழும்பியிருக்கும். நேசையா கட்டைவிரலால் ஒருமுறை தடவினால் போதும், என்ன சீட்டு என்று தெரிந்துவிடும்.

ஹெப்சிபா இரண்டு சட்டம் போட்டார். காசு கூடாது. ஞாயிற்றுக்கிழமை கட்டைத் தொடக் கூடாது. அதனால் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். காசுக்குப் பதில் அவருடைய தையல் பெட்டியிலிருந்து பொத்தான்கள். இரண்டு ஓட்டை உள்ளது ஒன்று, நான்கு ஓட்டை உள்ளது ஐந்து, கோட்டில் தைக்கிற பித்தளைப் பொத்தான் இருபத்தைந்து. ஹெப்சிபா ஆடுவதில்லை. சீட்டைப் போடுவதும், மேசையில் விழுகிற சீட்டை வாய்விட்டுச் சொல்வதும் அவர் வேலை. முதலில் தோற்பவர் எழுந்துபோய் எல்லாருக்கும் பலகாரம் போட வேண்டும்.

ஆட்டம் எளிதுதான். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, அது அவருக்கு மட்டும் தெரியும். மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லாருக்கும் பொது. முதலில் மூன்று விழும், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. இந்த ஏழிலிருந்து யார் நல்ல ஐந்தைச் சேர்க்கிறாரோ அவர் ஜெயித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் பொத்தான் வைக்கலாம். எதிராளி அதே அளவு வைத்தால் தொடர்ந்து இருக்கலாம். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். இதற்கு உச்சவரம்பு கிடையாது. எந்த நேரத்திலும் ஒருவர் தன்னிடம் உள்ள மொத்தத்தையும் நடுவில் தள்ளலாம். தள்ளியவர் கையில் நல்ல சீட்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஈடாக வைத்து 'பார்க்கேன்' என்றவருக்கு அதைக் காட்ட வேண்டும், கவிழ்த்துவிட்டு ஒதுங்கியவருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

நேசையா 'மொத்தமும்' என்று சொல்லும்போதெல்லாம் ஜெசி, "பார்க்கேன்" என்று தன் பொத்தான்களையும் தள்ளுவாள். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் நல்ல சீட்டு இருக்கும். அவளுக்கு நல்ல சீட்டு வந்த நாட்களிலோ, அவர் என்னவோ மோப்பம் பிடித்தது போலப் பாதியிலேயே கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார்.

"அவருக்குக் காதுதான்க்கா கண்ணு. நம்ம நாடித்துடிப்பு கூட அண்ணாச்சிக்குக் கேக்கும். நான்லாம் சீட்டை எடுத்ததும் மூச்சையே பைய பையதான் விடுதேன்" என்று குருபிரசாத் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வான்.

நேசையா அதை மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். லேசாகச் சிரித்துக்கொண்டு பொத்தான்களை அடுக்குவார்.

பார்வை இல்லாதவர்களுக்குக் காது தானாகக் கூர்மையாகிவிடாது என்பது ஜெசிக்குத் தெரியும். கேட்டதைக் கவனிக்கும் பழக்கம்தான் அவர்களுக்கு அதிகம். அப்படியென்றால் தன்னிடமிருந்து எதைக் கவனிக்கிறார்? அதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை வளையலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மின்விசிறியை வேகமாக வைத்தாள். இன்னொரு வாரம் ஆட்டம் முழுக்க முறுக்கைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அன்று வயிறு கெட்டதுதான் மிச்சம்.

ஐப்பசி தொடக்கத்தில் நேசையா தானாகவே ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தார். ஹெப்சிபா ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார்.

"இந்த எடது காதுல போனை வச்சா சில பேரு பேசுதது கொழகொழன்னு கேக்கு. என்னன்னு பாரு" என்றார்.

சத்தம் புகாத சிறு அறையில் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது. எந்தக் குறையும் இல்லை, எந்தச் சிறப்பும் இல்லை. அவர் வயதில் ஒருவருக்கு எப்படி இருக்குமோ அப்படி. இடது காதுக்கு மாற்றினாள். கனத்த ஓசைகளுக்கு உடனே அழுத்தினார். மெல்லிய, கூரிய ஓசைகளுக்கு வந்தபோது விரல் அசையவில்லை. ஓசையைக் கூட்டினாள். அப்போதும் இல்லை. இன்னும் கூட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொறுமையாக, ஒன்றும் வராத இடத்தில் காத்துக்கொண்டிருப்பவர் மாதிரி இருந்தார்.

ஜெசியின் மனம் வேலையிலிருந்து நழுவி வீட்டு மேசைக்குப் போனது. அங்கே அவள் எப்போதும் உட்காருவது அவருடைய இடப்பக்கம். அவள் வளையல், அவள் மூச்சு, பொத்தானில் அவள் விரல் உரசுவது, எல்லாமே இந்தக் கூரிய மெல்லிய ஓசைகள்தான். தலை மறைத்துவிடுவதால் வலது காதுக்கும் அவை எட்டாது. ஒன்றுகூட அவருக்குக் கேட்டிருக்க முடியாது.

வெளியே வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். காதுக்கருவி வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

"அது பிறகு பார்ப்போம்" என்றார் நேசையா. "ஆனா இது வெளிய போவாண்டாம், என்ன? முக்கியமா குருவுக்கு. அவன் பயந்துகிட்டே ஆடட்டும்."

"சொல்ல மாட்டேண்ணே. ஆனா ஒண்ணு கேக்கணும். காது இல்லன்னா பிறகு என்னை எப்படிக் கண்டுபிடிக்கீங்க?"

"அதைச் சொல்லிட்டா பிறகு என்னத்துக்கு ஆடுதது?" என்று எழுந்து, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், வெளியே போக.

அந்த வாரம் முழுக்க ஜெசி இரண்டு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார். இன்னொன்று, எங்கே உட்காருவது. இடப்பக்கமே உட்கார்ந்தால் இனி அவளுக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் அது மருத்துவமனையில் தெரிந்துகொண்ட விஷயம். நோயாளியாக வந்தவரின் காதைப் பற்றி அறிந்ததை அவருக்கு எதிராகவே சீட்டாட்டத்தில் வைத்துக்கொள்வதா? வெறும் பொத்தான்தானே என்று ஒருபக்கம் தோன்றியது. பொத்தானானாலும் சரியில்லை என்று மறுபக்கம் தோன்றியது.

சனிக்கிழமை, "அங்கன காத்தே வரமாட்டேங்கு" என்று சொல்லி அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இடப்பக்கம் குருபிரசாத் வந்தான். அவன் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினான். அவன் எவ்வளவு சத்தமாக மூச்சு விட்டாலும் பரவாயில்லை என்று தெரிந்தும் சொல்ல முடியாமல், ஜெசி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவ்வளவு அடக்கியும் அன்று முதலில் தோற்றது குருபிரசாத்தான். அடுக்களையில் எண்ணெய் வைத்து வாழைக்காய் சீவப் போனான். வெளியே மழை பிடித்திருந்தது. மேசையில் நேசையாவும் ஜெசியும், நடுவில் சீட்டோடு ஹெப்சிபாவும். இருவர் முன்னாலும் பொத்தான்கள் ஏறக்குறையச் சமமாக இருந்தன.

ஹெப்சிபா சீட்டைப் போட்டார். ஜெசி மூலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ஒன்பது. நல்ல தொடக்கம். பத்து வைத்தாள். நேசையா தன் சீட்டுகளைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, அவரும் பத்து வைத்தார்.

ஹெப்சிபா மூன்று சீட்டைத் திருப்பினார். "ஒம்பது. நாலு. ராணி."

ஜெசியிடம் இப்போது மூன்று ஒன்பது. முதலில் பேச வேண்டியவர் நேசையா. அவர் மேசையை விரலால் தட்டினார். இப்போதைக்கு நான் வைக்கவில்லை, நீ சொல் என்று அர்த்தம். அவள் பதினைந்து வைத்தாள். அவரும் வைத்தார்.

நான்காவது சீட்டு. "ராணி."

மூன்று ஒன்பதும் இரண்டு ராணியும். ஃபுல் ஹவுஸ். இத்தனை மாத ஆட்டத்தில் இந்த அளவு சீட்டு அவளுக்கு எப்போதாவதுதான் அமைந்திருந்தது. நேசையா மறுபடி மேசையைத் தட்டினார். ஜெசி முப்பதை எண்ணி நகர்த்தினாள். அவர் தலையை லேசாக அவள் பக்கம் சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"சரி, நானும் வைக்கேன்" என்று முப்பது வைத்தார்.

கடைசிச் சீட்டு. ஹெப்சிபா அதைத் திருப்பி, "நாலு" என்றார்.

ஜெசி அவர் மேசையைத் தட்டுவதற்காகக் காத்திருந்தாள். நேசையா தட்டவில்லை. இரண்டு கையையும் பொத்தான்களுக்குப் பின்னால் கொண்டுபோய், அணைத்து, நடுவுக்குத் தள்ளினார். பித்தளைப் பொத்தான் ஒன்று உருண்டு ஹெப்சிபாவின் கையில் முட்டி நின்றது.

"மொத்தமும்" என்றார்.

ஜெசியின் கை தானாகவே பொத்தான்களின் மேல் போயிருந்தது. 'பார்க்கேன்' என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. மூன்று ஒன்பது, இரண்டு ராணி. இதை வைத்துக்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது?

பிறகு மேசையில் கிடந்த ஐந்தையும் ஒருமுறை பார்த்தாள். ஒன்பது, நாலு, ராணி, ராணி, நாலு. அவர் கையில் ஒரே ஒரு ராணி இருந்தால் போதும். மூன்று ராணியும் இரண்டு நாலும் ஆகிவிடும். மூன்றாகச் சேர்ந்த சீட்டு எதுவோ அதை வைத்துத்தான் பெரியது சிறியது, அதனால் அது அவளுடையதைவிடப் பெரியது. கடைசிச் சீட்டு விழும்வரை ராணி வைத்திருப்பவரையும் அவள் அடித்திருப்பாள். அந்த நாலு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

"அவசரம் இல்ல, யோசிட்டி" என்றார் ஹெப்சிபா.

கட்டில் இன்னும் இரண்டே ராணிதான் மிச்சம். அதில் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சும்மா மிரட்டலாமே. குருபிரசாத்தை அப்படி எத்தனையோ முறை மிரட்டி, அவன் கவிழ்த்த பிறகு ஒன்றுமில்லாத சீட்டைக் காட்டியிருக்கிறார்.

குருவைத்தான். என்னை எப்போதாவது மிரட்டியிருக்கிறாரா?

இந்தக் கேள்வி அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை. ஞாபகத்தில் இருந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவர் மொத்தத்தையும் தள்ளிய எல்லா நேரமும் அவர் கையில் இருந்தது. ஒருமுறைகூடச் சும்மா இல்லை. அது அவளுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரியும்? ஏனென்றால் ஒவ்வொரு முறையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடப் பார்க்காமல் விட்டதில்லை.

ஜெசிக்குச் சிரிப்பு வந்தது. இதற்குக் காது எதற்கு? இவள் எப்படியும் பார்த்தே தீருவாள் என்று தெரிந்தவரை யார் பொய்யாக மிரட்டுவார்கள்? கையில் இருக்கும்போது மட்டும் தள்ளினால் போதும், மீதியை அவளே செய்துகொள்வாள். இத்தனை மாதமும் வளையலையும் முறுக்கையும் ஆராய்ந்துகொண்டிருந்தோமே என்று நினைத்தாள்.

அப்படியானால் இன்றும் இருக்கிறது. என்ன இருக்கிறது? நாலாக இருக்கலாமா? நாலு வைத்திருந்தால் மூன்று நாலு, இரண்டு ராணி. அதை அவளுடைய ஒன்பது அடித்துவிடும். ஆனால் வெறும் ஒரு நாலை வைத்துக்கொண்டு, இரண்டாவது ராணி விழுந்த பிறகு, அவள் வைத்த முப்பதுக்கு ஈடு கொடுத்திருப்பாரா? நேசையா அப்படி ஆடுகிறவர் இல்லை. கடன் கேட்டு வருபவர்களின் காகிதங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரியேதான் சீட்டையும் ஆடுவார், ஆதாரம் இல்லாமல் ஒரு படி முன்னே போக மாட்டார். முதல் ராணியிலேயே ஜோடி சேர்ந்து, இரண்டாவது ராணியில் மூன்றாகி, பதுங்கி இருந்து, இப்போது பாய்கிறார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

இவ்வளவு தெரிந்தும் கை பொத்தான்களைவிட்டு விலகவில்லை. ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஜெயிப்போம் என்று நினைக்கிறேனா? இல்லை. பிறகு? அந்த இரண்டு சீட்டு என்னவென்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். கவிழ்த்துவிட்டால் அவை கட்டோடு கலந்துவிடும். ராணியா இல்லையா என்பது என்றைக்கும் தெரியாது. தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாமல் எழுந்துபோவதை நினைத்தால்தான் உள்ளே ஏதோ அரித்தது. இத்தனை மாதம் அவள் கொடுத்த பொத்தான்கள் எல்லாம் இந்த அரிப்புக்குக் கொடுத்தவைதான்.

மழைச் சத்தம் கூடிக் குறைந்தது. அடுக்களையில் எண்ணெய் பொரிந்தது. நேசையா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

ஜெசி இரண்டு ஒன்பதையும் குப்புறவே ஹெப்சிபாவின் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போட்டுட்டேன்" என்றாள்.

நேசையாவின் முகம் அவள் பக்கம் திரும்பியது. "போட்டுட்டியா?"

"ஆமாண்ணே."

"கவுத்துட்டியா? பார்க்கலயா?"

"பார்க்கல."

அவர் வாயைத் திறந்து, எதுவோ கேட்க வந்து, ஹெப்சிபா பிறகு சேர்த்த மூன்றாவது சட்டம் நினைவுக்கு வந்தவர்போல மூடிக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை கவிழ்த்த சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது. ஹெப்சிபா இருவர் சீட்டையும் பார்க்காமலே கட்டுக்குள் செருகிக் கலைத்தார். நடுவில் கிடந்த பொத்தான்களை நேசையா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வழக்கமாக ஜெயித்ததும் அவற்றை வகை பிரித்து அடுக்குவார். அன்று குவியலாகவே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் கொஞ்சம் கலைந்துபோனது. இரண்டு முறை யார் முறை என்று மறந்தார். ஜெசி கொஞ்சம் பொத்தான்களைத் திரும்பப் பிடித்தாள். அவரை எட்டிப்பிடிப்பதற்குள் ஹெப்சிபா கட்டை மூடி வைத்துவிட்டார். அவருக்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கான ஒத்திகை இருந்தது. எண்ணிப் பார்த்ததில் நேசையாவுக்கே அதிகம்.

குருபிரசாத் பஜ்ஜித் தட்டோடு வந்தான். நேசையா தட்டைத் தொடவில்லை.

"இப்போ சொல்லு ஜெசி. என்ன வச்சிருந்த?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"ஏஸும் நாலும்."

ஜெசி கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தாள். "நாலா? ராணி இல்லையா?"

"ராணி எங்க இருந்துது எங்கிட்ட? மூணு நாலு, ரெண்டு ராணி. அதுக்கே சந்தோசமாத் தள்ளுனேன்."

"வெறும் நாலை வச்சிகிட்டா அண்ணாச்சி அதுக்கு முன்னாடி முப்பது வச்சீங்க?" என்றான் குருபிரசாத். நடந்ததை ஹெப்சிபாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான்.

"அது ஒரு கணக்கு. அவ சொல்லட்டும்."

"ரெண்டு ஒம்பது" என்றாள் ஜெசி.

குருபிரசாத் விரலை மடக்கி மடக்கி மனதுக்குள் சீட்டை அடுக்கினான். "ஒம்பதுல ஃபுல் ஹவுஸ். அது நாலை அடிச்சிரும். ஜெயிச்ச சீட்டைல்லாக்கா போட்டுட்டீங்க."

"இல்ல" என்றார் நேசையா நிதானமாக. "இவ ஃபுல் ஹவுஸைப் போடுத ஆளா? ஒரு ஜோடிய வச்சிகிட்டே பார்க்கேன் பார்க்கேன்னு வருவா. சும்மா சொல்லுதா."

"நெசமாத்தாண்ணே. அக்கா, நீங்க பார்த்தீங்களா?" என்று ஜெசி ஹெப்சிபாவைக் கேட்டாள்.

"நான் எதுக்குப் பார்க்கேன்" என்று ஹெப்சிபா குடையை எடுத்தார். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க." குருபிரசாத்துக்கு ஆழ்வார்திருநகரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவனும் அதே குடைக்குள் ஒதுங்கிக்கொண்டு கிளம்பினான். போகும்போதும் திரும்பித் திரும்பி, "ஒம்பதாக்கா? சத்தியமா ஒம்பதா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

வீடு அமைதியானது. வாசல் கதவு திறந்திருந்தது. நேசையா ஒரு பஜ்ஜியை எடுத்துப் பாதி தின்றார்.

"இன்னைக்கு ஏன் இந்தப் பக்கம் வந்து உக்காந்த?"

"காத்து வரலைன்னு..."

"ஃபேன் நடுவுலதான தொங்குது."

ஜெசி உண்மையைச் சொன்னாள். இடது காது பற்றித் தனக்குத் தெரிந்துவிட்டது, அதை வைத்து ஆடுவது சரியாகப் படவில்லை, அதனால் மாறினேன் என்றாள். நேசையா மெல்வதை நிறுத்திக் கேட்டார். பிறகு, "அப்போ குரு எடது பக்கம்" என்றார்.

"ஆமா."

"பாவி, மூச்சைப் பிடிச்சுகிட்டே இருந்திருப்பானே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நேசையா சொன்னார்: "சரி, நானும் சொல்லுதேன். உனக்கு நல்ல சீட்டு வந்தா நீ பேச்சை நிறுத்திருவ. குரு எதாவது கேட்டா பதில் வராது. அதுக்கு எந்தக் காதும் போதும். இன்னைக்கு அவன் அடுக்களைக்குப் போயிட்டான், உங்கிட்ட பேச்சுக் குடுக்க ஆளில்ல. எனக்கு ஒண்ணும் புரியல. அப்போதான் உன் மூச்சு கேட்டுது. முதல் தடவையா. ரெண்டாவது ராணி விழுந்ததும் சட்டுன்னு நின்னு, பிறகு வேகமா வந்துது. நகம் பொத்தான்ல படபடன்னு தட்டுது. ஆஹா, ராணிய பார்த்துப் பயந்துட்டா, சும்மா மிரட்டுதா, அப்படின்னு நெனச்சேன். இல்லன்னா ஒரு நாலை வச்சிகிட்டு முப்பது வைக்க எனக்கென்ன கிறுக்கா?"

"அது பயமில்லண்ணே. ஃபுல் ஹவுஸ் சேர்ந்துட்டேன்னு சந்தோசம்."

நேசையா அவள் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனதுக்குள் அந்த மூச்சை மறுபடி கேட்டுப் பார்ப்பது ஜெசிக்குத் தெரிந்தது.

"அப்போ ஒம்பது நெசம்தான்" என்றார் கடைசியில்.

"நெசம்தான்."

"சந்தோசத்துக்கும் பயத்துக்கும் மூச்சு ஒண்ணுபோலயா இருக்கும்?"

ஜெசி யோசித்தாள். எத்தனையோ பேருடைய காதைச் சோதித்திருக்கிறாள், இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "தெரியலண்ணே. இருக்கும் போல."

"நீ ஏன் போட்ட? அதைச் சொல்லு. ஒம்பதுல ஃபுல் ஹவுஸை."

"நான் எப்பவும் பார்ப்பேன்னு உங்களுக்குத் தெரியும், அதனால எங்கிட்ட நீங்க பொய்யாத் தள்ள மாட்டீங்கன்னு அப்பதான் புரிஞ்சுது."

"அடேயப்பா" என்றார் நேசையா, குரலை உயர்த்தாமல். உண்மையிலேயே மகிழ்ந்தவர்போல மேசையை உள்ளங்கையால் தடவினார். "ரொம்பச் சரி. எல்லாம் சரியா யோசிச்சிருக்க. ஜெயிச்ச சீட்டையும் போட்டிருக்க."

"ஆமா."

"வருத்தமா இருக்கா?"

இருக்கிறதா என்று ஜெசி தேடிப்பார்த்தாள். பொத்தான்கள் போனதில் வருத்தம் இல்லை. அவரிடம் இருந்தது ராணி இல்லை, நாலு என்று தெரிந்துகொண்டதும், வெறும் நாலை வைத்து அவர் ஏன் முப்பது வைத்தார் என்று தெரிந்துகொண்டதும் நன்றாகத்தான் இருந்தது. "கொஞ்சம்போல" என்றாள். "ஒரு தடவையாவது உங்களை ஜெயிச்சிருக்கலாம்."

அவர் மீதிப் பஜ்ஜியைத் தின்று முடித்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கருவி சொன்னியே. அதை மாட்டுனா எடது பக்கமும் இப்படி மூச்சுலாம் கேக்குமா?"

"கேக்கும். ஆபீஸ்ல எதிர்ல உக்காந்து பேசுதவங்க பேச்சும் தெளிவாக் கேக்கும். முதல்ல கொஞ்ச நாள் எல்லாச் சத்தமும் இரைச்சலா இருக்கும், பழகணும்."

"அப்போ இனிமே ரெண்டு பக்கமும் தப்புத் தப்பாக் கேக்கப் போறேன்."

"பழகிட்டா சரியாக் கேக்கும்ணே."

"திங்கக்கிழமை வாரேன். சும்மா மாட்டிப் பார்ப்போம்." எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். மாடிப்படிக்குக் கிளம்பிய ஜெசியைக் குரலால் நிறுத்தினார். "ஜெசி, இன்னைக்கு நீ போட்டுட்ட. அதனால அடுத்த சனிக்கிழமை உங்கிட்ட நான் பொய்யாவும் தள்ளலாம், என்ன?"

"தள்ளுங்க."

"அப்போ பார்ப்பியா, போட்டுருவியா?"

ஜெசி படியில் நின்று, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். அவர் தலையைச் சாய்த்து, வலது காதை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.